விரலை எடுக்காமல்

அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பி, "மாமா, ரெண்டுல எது கொள்ளாம், எத வாங்கட்டு?" என்று கேட்டிருந்தான். பாறசாலையில் பஸ் ஏறியதும் பார்த்தேன். இரண்டு ஸ்டேஜ் கீபோர்டுகளின் பியானோ, ஆர்கன் ஒலிகளை ஒரு தாடிக்காரன் ஒப்பிடுகிறானாம். பாதி நேரம் அவன் முகம்தான். மீதி நேரம் கிணுகிணுவென்று ஒரே விரல் ஓட்டம். ஆர்கன் ஒலிக்கும் அதே கிணுகிணு! பியானோவில் கட்டையைத் தட்டியதுமே ஓசை தேயத் தொடங்கும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். இதைச் சொல்லத் துப்பில்லை, பேச வந்துவிட்டான்.

இதே லட்சணத்தை நான் நேரிலும் பார்த்தவன். கேரள எல்லைக்குள் குளத்தூர்ப் பக்கம் எங்கள் சபையில் அப்போது ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதுக்கு மலையாளம். இரண்டுக்கும் வாசித்தது நான்தான். புதிதாக ஒரு கீபோர்டு வாங்க வேண்டுமென்று கமிட்டி சொல்ல, கடைக்காரர் கறுப்பில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றும் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் வைத்தார். கமிட்டிக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்தார்கள். நான் டெமோ பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பெட்டி தானாகப் பாடியது. செயலாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு நான் கையால் வாசித்தேன். முதலில் வாசித்த மாதிரி வாசிக்கலாமே என்றார், மகானுபாவர். இந்தக் காதுகளுக்காகத்தான் ஞாயிறுதோறும் விடியலில் எழுந்து குளித்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பில் பியானோ பிரமாதம், ஆர்கன் வெறும் தகரம். சாம்பலில் பியானோ சுமார், ஆர்கன் நெஞ்சில் இறங்கும்.

சாம்பல்தான் வேண்டுமென்றவர் ஒரே ஆள், ஞானம்மா சித்தி. அப்பாவின் தம்பி மனைவி. ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்தைத் தனியாளாக நடத்தியவர். தமிழ் ஆராதனையில் முன்வரிசையில் நின்று ஞானப்பாட்டை இழுப்பார், பாருங்கள், அப்படியொரு இழுவை. வரி முடிந்தாலும் சித்தி முடிக்கமாட்டார். கூடவே பத்துப் பன்னிரண்டு வயசாளிகளும். எனக்கு அது என்றாலே இளக்காரம்.

"சாம்பலே போதும் மக்கா. அதாக்கும் நம்ம கூட நிக்குது" என்றார்.

கமிட்டி என் முகத்தைப் பார்த்தது. கறுப்பு என்றேன். காலத்துக்கேற்ற ஒலி என்று சிறு பிரசங்கமே செய்தேன். உண்மைக் காரணம் என்ன தெரியுமா? மலையாளப் பாடகர் குழுவின் பெண்கள் என் விரல் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். தூ! அந்தத் தாடிக்காரன் எவ்வளவோ மேல்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. வரி முடிவில் பியானோ தேய்ந்து போக, அந்தக் கரகரத்த குரல்கள் மட்டும் துணையில்லாமல் நின்றன. பின்னால் இளசுகள் சிரித்தார்கள். ஆராதனை முடிந்து சித்தி என்னிடம் வந்தார்.

"எலே, நாங்க பாடி முடிக்கதுக்கு முன்ன நீ அடுத்த வரிக்குப் போயாச்சு. எங்க சத்தம் எங்களுக்கே கேக்குது. வெக்கமாட்டு இருக்கு."

"கொஞ்சம் வேகமாட்டு பாடுங்க சித்தி" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அதற்குப் பிறகு சித்தி பாடவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தமிழ் ஆராதனை மாதத்துக்கு ஒன்றானது, பின்பு அதுவும் நின்றது. பிள்ளைகளெல்லாம் மலையாளம் படித்ததுதான் காரணம் என்பார் செயலாளர். இருக்கலாம். ஆனால் சித்தியின் வாயை அடைத்தது மலையாளம் இல்லை, நான்.

போன வருஷம் சித்தியின் அடக்க ஆராதனையில் தமிழில் ஒரு ஞானப்பாட்டு வைத்தார்கள். ஆர்கன் ஒலியில் வாசித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். ஜனங்கள் சரியான நேரத்தில் பாடி முடித்துவிட்டு, இவன் ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.