அந்த மேட்டு ரோடும் தேவராஜண்ணன் செருப்பும்

தேவராஜண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஆரணியில், அவர் வீட்டிலேயே.

சக்கரைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலில் புண் ஆறவில்லை, வேலூரில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், அப்புறம் முட்டிக்குக் கீழே... இருக்கட்டும். அந்தப் புண் எந்த ஊரில், எந்த ரோட்டில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைப் பழைய நாளிலிருந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் ஐதராபாத்தில் ஒரு மலைமேட்டு ஏரியாவைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதினேன். பாறையை உடைக்காமல் அப்படியே ஹாலுக்குள் விட்டுக் கட்டிய பங்களாக்கள், காம்பவுண்டு முழுக்கக் காகிதப்பூ, ஊரே கீழே விரிந்து தெரிகிற கஃபே.

"ஒரு தடவையாவது போய்ட்டு வாங்க மக்களே" என்று முடித்திருந்தேன். ஆளாளுக்கு லொகேஷன் கேட்டீர்கள்.

இனி யாரும் கேட்காதீர்கள். நான் சொல்லமாட்டேன்.

நான் அங்கே டூர் போகவில்லை. நானும் தேவராஜண்ணனும் ஆரணியில் ஒரே பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். வெளியூர்க் கல்யாண வீடுகளுக்குச் சேலை எடுத்துப் போய்க் காட்டுவது எங்கள் வேலை.

வேலூர் பஸ்ஸில் கண்ணமங்கலம் வருவதற்குள் அண்ணன் தூங்கிவிடுவார். ஆனால் பட்டு மூட்டை மடியை விட்டு இறங்காது. கீழே வைங்கண்ணே என்றால், "கல்யாணப் பொண்ணு கட்டப்போறதுப்பா... நாலு பேர் மெறிச்ச எடத்துல வெக்கவா?" என்பார்.

அதே மாதிரி இன்னொரு பழக்கம். முகூர்த்தப் பட்டு கையில் இருந்தால் செருப்பை வீட்டு வாசலில் விடமாட்டார். தெரு கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்.

எனக்கு அதெல்லாம் கிடையாது. ஐதராபாத் போன அன்றைக்கு நான் புது ஷூ. உள்வாசல் வரை போய்க் கழற்றி, அந்தக் கல்யாண வீட்டு ஷூ ரேக்கிலேயே ஜம்மென்று வைத்தேன்.

சித்திரை வெயில். மேட்டுக்கு ஆட்டோ விடமாட்டார்கள், சாமான் விற்க வருகிறவர்கள் செக்போஸ்ட்டிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். ஏறினோம். சேலை கேட்டிருந்த வீட்டு அம்மா நம் பக்கத்துக்காரர்தான், வேலூர். மூன்று மணி நேரம் பிரித்துப் பார்த்தார். ஏழு சேலை எடுத்தார். பிரித்ததையெல்லாம் அண்ணன் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார், ஒரு முகச்சுளிப்பு இல்லை.

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் காணோம்.

அண்ணன் செடிக்குப் பின்னாலெல்லாம் குனிந்து தேடினார். அந்த அம்மா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஓ... அது உங்களுதா? கேட் முன்னாடி அசிங்கமா இருந்துச்சுன்னு வாட்ச்மேன எடுத்துப் போடச் சொன்னேன். குப்பை வண்டி வந்துட்டுப் போய்டுச்சே. சாரிங்க."

"பரவால்லமா" என்றார் அண்ணன்.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அந்த வீட்டு ஷூ ரேக்கில் முப்பது ஜோடியாவது இருந்திருக்கும். என் கண்ணால் பார்த்தேன். த்தூ.

தார் ரோடு. மதியம் இரண்டு மணி. அண்ணன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக, நிழல் இருந்த இடத்தில் மெதுவாகவும் இல்லாத இடத்தில் ஓட்டமாகவும் இறங்கினார்.

எதிரில் ஒரு வேலைக்கார அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரோடு சுடும் என்று நாயின் நாலு காலுக்கும் ரப்பர் ஷூ.

அண்ணன் நின்று பார்த்தார். "அதுக்கு நாலுப்பா" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். என் ஷூவைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம், எனக்கு சாக்ஸ் இருந்தது. அந்த யோசனையே வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொய். வந்தது. புது ஷூவாச்சே என்றும் வந்தது.

அந்த மேட்டு ஆட்களைத் திட்டுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஏனென்றால் நடுவில் அந்த கஃபே வந்தது. வியூ பிரமாதம். கார் நிறுத்துகிறவரிடம் போனைக் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் எடுக்கச் சொன்னேன். அண்ணன் மாட்டேன் என்று சொல்லவில்லை.

"ஜல்தி எடுக்கச் சொல்லுப்பா... காலு கொதிக்குது" என்று மட்டும் சொன்னார்.

என் தலைமுடி சரியாக விழவில்லை என்று மூன்று தடவை எடுக்கச் சொன்னேன்.

செக்போஸ்ட்டுக்குக் கீழே கடையில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்குள் இரண்டு பாதமும் கொப்பளம். ஊருக்கு வந்து கேட்டபோது, "அது ஆறிகினு வருதுப்பா" என்றார். எப்போது கேட்டாலும் அதையேதான் சொன்னார். வேலூருக்குக் கூட்டிப் போன அன்றைக்கும்.

நான் அன்று பதிவோடு போட்ட படம் இடுப்பு வரைதான் இருக்கும். கீழே வெட்டிவிட்டேன். வெறுங்கால் நன்றாக இல்லை என்றுதான் வெட்டினேன். என் புது ஷூவும் சேர்ந்து போகிறதே என்று அப்போது கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அந்தப் பதிவை இப்போது அழித்துவிட்டேன். இன்று முழுப் படத்தையும் போடுகிறேன்.

வலது பக்கம் நிற்பவர்தான் தேவராஜண்ணன். தோளில் பட்டு மூட்டை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். சிரிக்கிறார்.

போய்ட்டு வாங்கண்ணே.