எஸ்தர் அக்காவும் நானும் இறங்கிய கிணறு

போன செவ்வாய்க்கிழமை காலை விருதுநகரிலிருந்து எஸ்தர் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாக" என்றாள். சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் நர்சம்மா. எனக்கு, கூடவே நீச்சல் கற்றவர்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் மிஷன் மருந்தகத்துக்கு அவர் வேலைக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது இருக்கும். அடுத்த கோடையில் என் தம்பி முத்து தோட்டத்துக் கிணற்றில் விழுந்தான். அவனுக்கு ஏழு வயது, எனக்கு ஒன்பது. அப்பா இல்லாத வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போயிருந்தாள். நான் கத்திக்கொண்டு ஓடியபோது எதிரே வந்தவர் எஸ்தர் அக்காதான். என்னோடு ஓடிவந்தார், சேலையை இழுத்துச் செருகினார், விளிம்பில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. பருத்திக் காட்டிலிருந்து மாடத்தி என்ற பெண் ஓடிவந்து குதித்து எடுத்தபோது தம்பிக்கு உயிர் இல்லை.

அதன்பின் தண்ணீரைக் கண்டாலே எனக்கு உடம்பு உதறும். பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். போகமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாடத்தியிடம் தான் நீச்சல் பழகப் போவதாகவும், துணைக்கு என்னை அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒண்ணக் குடுத்துட்டேன் நர்சம்மா. இதையும் கேக்கீகளா?"

அக்கா எழுந்து போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். கடைசியில் அம்மா ஒப்புக்கொண்டாள். என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தானே பிடித்துக்கொள்வேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து அக்கா வருவார். முதல் வாரம் அதே கிணற்றின் கல்படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை மட்டும் வைத்தோம். அவருக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரொம்ப. என் கையத் தொட்டுப் பாரு."

தொட்டேன். சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இது போதும், அடுத்த வாரம் இன்னும் ஒரு படி என்று சொல்லி எழுந்துவிட்டார். இம்புட்டுப் பயந்தா மீனு கூடச் சிரிக்கும் என்றாள் மாடத்தி.

நாலாவது வாரம் மாடத்தி இருவர் முதுகிலும் மிதப்புக்குக் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கினாள். அக்கா முதல் முழுக்கிலேயே தண்ணீர் குடித்து, மூக்கிலும் வாயிலும் வழிய, மாடத்தியின் கொண்டையைப் பிடித்துத் தொங்கினார். நான் சிரித்துவிட்டேன். தம்பி போனபின் அன்றுதான் சிரித்தேன். மேலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தை பிறந்து ஒரு ஞாயிறன்று சுவரை விட்டேன். எதிர்ச்சுவர் வரைக்கும் நீந்தினேன். அம்மா கயிற்றை விட்டுக்கொண்டே வந்தாள். பின்னாலேயே அக்கா மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். மறுநாள் கண்மாய்க் கரை வழியே பள்ளிக்கூடம் போனேன்.

அறுபதுகளில் எங்களைப் பார்த்துத் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கிணற்றில் நீந்தப் பழகினார்கள். அக்காவுக்கு யாரையும் குதித்துக் காப்பாற்ற நேரவில்லை. விருதுநகருக்கு மாற்றலாகிப் போன அன்று, உங்களால்தான் நாங்கள் எல்லாரும் பழகினோம் என்றேன்.

"அன்னைக்கு எனக்கு நீந்தத் தெரியலையே பாப்பா" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பேசியதில்லை.

நான் ஆசிரியையாகிப் பல வருடங்கள் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். முதல் நாள் வாசலில் நின்று அழும் பிள்ளையிடம் பயப்படாதே என்று நான் சொன்னதில்லை. அக்கா எனக்கு அப்படிச் சொன்னவரில்லை. எனக்கும் புது வகுப்பு, எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அது பொய்யாகவும் இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.