ஊமை வண்டிக்கு வந்த ஹாரன்

சமயநல்லூர் நல்லகாமனுக்கு நிலம் கிடையாது. மனைவி பாண்டியம்மாளின் அண்ணன் முத்திருளன், பின்பக்கம் திறந்த பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கி மதுரைக்குக் காய்கறி ஏற்றத் தொடங்கியபோது அவனை டிரைவராக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் தவறாமல் உலை கொதித்தது. அதனால் மச்சான் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஜப்பான் சண்டை நடந்த காலம். லாரியின் ஹாரன் முதலில் கம்மியது. ஒரு மழைக்குப் பிறகு அடியோடு நின்றுபோனது. மாற்றித் தரச் சொல்லும்போதெல்லாம், "சண்ட நேரம் மாப்ள, சாமான் எங்க கெடைக்குது? கையால தட்டி ஓட்டு" என்பார் முத்திருளன். அவனும் கதவுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓட்டினான். ஊரில் அதற்கு ஊமை வண்டி என்று பேராகிவிட்டது.

ஒருநாள் காலை, கண்மாய்க்கரை வளைவில் கருத்தக்கண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நல்லகாமனின் தெருக்காரர். இவன் தட்டியதும் கத்தியதும் ஆட்டுச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. நடுரோட்டுக்கு ஓடிய குட்டியை மறிக்க அவரும் குறுக்கே பாய்ந்தார். வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்து பார்க்கும்வரை வண்டி ஊரைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் ஏட்டு. அது நல்லகாமன் வீட்டு வாசலிலேயே நின்றது. சாயங்காலம் முத்திருளன் வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் ஹாரன்.

நல்லகாமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளாகக் கிடைக்காத சாமான், ஆள் செத்த அன்றைக்கே கிடைத்திருந்தது.

"மாட்டிரு மாப்ள. ஹாரன் இல்லாம ஓட்டுனோம்னு தெரிஞ்சா பெர்மிட்ட புடுங்கிருவான். ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கணும்."

"அண்ணே, ஹாரன் நல்லாருந்தா இவுகதான அடிக்காம வந்தாகன்னு ஆகும்?" என்றாள் பாண்டியம்மாள்.

"வக்கீல் வச்சுப் பாத்துக்கிறேன். நான் விட்ருவனா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் திருப்புளியை எடுத்தான்.

முன்மூடியைத் தூக்கி, துருப்பிடித்திருந்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கழற்றினான். பழைய ஹாரன் கைக்கு வந்தது. உள்ளே தகடு துருவேறி ஒட்டிப்போயிருந்தது. கம்பி நுனிகளைக் கத்தியால் சுரண்டிப் புதியதில் முறுக்கினான். நன்றாகச் செய்த வேலை. தனக்கு எதிராகத்தான் செய்கிறோம் என்பது ஒவ்வொரு முறுக்கிலும் அவனுக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை.

"அமுக்கிப் பாரு" என்றார் முத்திருளன்.

அமுக்கினான். தெருவே அதிரும்படி ஹாரன் அலறியது. நாலு வீடு தள்ளி, கருத்தக்கண்ணன் வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். பிறகு அவர் மனைவி ராக்கம்மாள் மட்டும், புருஷன் பேரைச் சொல்லிப் புதிதாக அழத் தொடங்கினாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஹாரனை அமுக்கிப் பார்த்தார். "நல்லாத்தானடா இருக்கு. ஏன் அடிக்கல?" என்றார். முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லகாமன் வாய் திறக்கவில்லை. வழக்கு நடந்தபோது வக்கீல் யாரும் வரவில்லை. லைசென்சும் போய், அவன் ஜெயிலுக்கும் போனான். லாரிக்கு வேறு டிரைவர் வந்தார்.

விடுதலையாகி வந்தவன் நேரே ராக்கம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அது ஊமையாத்தான் இருந்துச்சு. சாயந்தரம் நான்தேன் புதுசு மாட்டுனேன்."

"ஊமை வண்டின்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அது அலறுனத எங்காதால கேட்டேன்பா" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒருக்க அடிச்சிருந்தா விலகியிருப்பாரு. எதுக்குப் பொய் சொல்ற? போ."

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாண்டியம்மாள் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. இருவரும் ஊரைவிட்டுப் போய் ஒரு செங்கல் காளவாசலில் மண் மிதித்தார்கள். அங்கே அவனுக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது.