அண்ணன் கை நனைத்த இடம்

சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடியும்வரை எங்கள் ஊரில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இது தெரிந்துதான் அண்ணனை, நான் இருக்கும் பாரிஸ் நகரத்தில் அந்தப் பெரு நாட்டு உணவகத்துக்குக் கூட்டிப் போனேன்.

அண்ணன் எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் மீன்பிடி ஃபைபர் படகு வைத்திருப்பவர். அப்பா போன பிறகு வீட்டில் அவர் சொல்தான். என்னைப் பார்க்கப் பத்து நாள் வந்திருந்தார். எட்டு நாளாக, நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டே இருந்தேன். அந்த உணவகத்தின் திறந்த அடுப்படியில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த பெரு நாட்டுக்காரரை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது அண்ணனுக்குத் தெரியாது.

முதலில் செவிச்சே வந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், மேலே வெங்காயம், ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"அடுப்புலயே வைக்கலயா?" என்றார் அண்ணன்.

"புளிப்புலயே வெந்துரும்ண்ணே. சாப்ட்டுப் பாருங்க."

முள்கரண்டியை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டை விரலால் எடுத்து முகர்ந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தேன், போனை எடுத்தேன், வைத்தேன். அடுப்படிப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டேன். அண்ணன் ஒரு துண்டு தின்றார், இன்னொன்று தின்றார், பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாற்றைக்கூட விடவில்லை.

"கொடுவா மீனு. ஐஸ்ல ரெண்டு நாள் கெடந்திருக்கு. ஆனா வெட்டுனவன் வேல தெரிஞ்சவன்."

"அவரத்தாண்ணே நான் கட்டிக்கப் போறேன்."

எத்தனையோ ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் பட்டென்று வந்து விழுந்தது.

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. விரலில் வெங்காயம் ஒட்டியிருந்தது.

"சாப்ட வச்சுட்டா சொல்ற?"

வெட்கமாக இருந்தது. கடலுக்குப் போய் என்னைப் படிக்கவைத்த மனிதரை ஒரு தட்டு மீனில் மடக்கிவிட்டேன். "நீங்க தெரியாமத்தானண்ணே சாப்ட்டீங்க, அது சேராது" என்றேன்.

அண்ணன் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்த மனிதர், துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாட்ட நீ ஒண்ணும் சொல்லாத" என்றார் அண்ணன். "தெரிஞ்சுதான் சாப்ட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்."