வெள்ளைக் கண் மகள்கள்

குப்பியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். ஈக்கள் மயக்க வாயு கசியும் தட்டின்மேல் உதிர்ந்து, மயங்கி மல்லாந்து கிடந்தன. இன்னொரு குப்பி. பிறகு இன்னொன்று. மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, சுவரில் ஒட்டிய கூட்டுப்புழுக்களைத் தவிர ஓர் ஈகூட மிச்சமில்லை என்று நிச்சயம் செய்துகொண்டபின் சுவர்ப்பலகையில் எழுதினாள்: காலை 8.00.

இனி மாலை நான்குக்குள் வந்துவிட வேண்டும். பழ ஈயில் பெண் பிறந்து எட்டு மணி நேரத்துக்கு ஆணோடு சேராது. எட்டு மணிக்குக் குப்பியைக் காலி செய்தால், நான்குக்குள் அதில் பிறந்திருக்கும் பெண்கள் எல்லாம் கன்னிகள். அதற்குமேல் ஆனால் யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய நாளும் இப்படித்தான் ஓடியது. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் நான்குக்குள் திரும்பிவிடுவார்கள்.

அவளுக்கு முப்பது கன்னிகள் வேண்டும். இரண்டு நாளில் இருபத்திரண்டு சேர்ந்திருந்தது. மீதி எட்டும் இன்றே கிடைக்க வேண்டும். குஞ்சுகள் பிறக்கப் பத்து நாள், அவற்றுக்கு வயதேறப் பன்னிரண்டு நாள், சோதனைக்கு இரண்டு நாள். மறுநாள் மதிப்பீட்டுக் குழு. அந்தக் குழுவின் முன் ஒரு முடிவைக் காட்டினால் ஆராய்ச்சி மாணவியாக இடம். காட்டாவிட்டால் பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

போன் அடித்தது. அவளைப் பயிற்சிக்குச் சேர்த்த திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்.

"எங்கம்மா இருக்கே? வேன் வந்து நிக்குது."

"மேடம், இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் இங்க இருக்கணும். ஈ பொறுக்கணும்."

"ரெண்டு மணிக்கெல்லாம் விட்டுடறேன். நீ பேசக்கூட வேண்டாம், உக்காந்திருந்தா போதும். பெரியவங்க எல்லாம் வராங்க. நீ இல்லாம நான் யாரைக் காட்டறது?"

உயிரியல் ஆராய்ச்சிப் பக்கம் இதுவரை எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்கான திட்டம் அது. முதல் ஆண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவன் ஆசிரியர் வேலை கிடைத்துப் போனான். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. இவள் மிஞ்சினாள். ஆய்வுக்கூடத்தில் இவளுக்குப் பெயரே திட்டம்தான். "திட்டம் சாப்பிட்டாச்சா?" என்பார்கள். கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. அதனால் கோபப்படவும் வழியில்லை.

சீனியர் பக்கத்து மேசையில் குனிந்திருந்தான்.

"அண்ணா, ஒருவேளை எனக்கு லேட்டானா, நாலு மணிக்கு என் குப்பியைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"என்னதே நாப்பது இருக்கு, திட்டம். உன்னதையும் சேத்துப் பொறுக்கினா அப்பறம் என் கண்ணைத்தான் கீழே பொறுக்கணும்." தலையைத் தூக்கவில்லை. "இன்னைக்கும் மேடையா?"

"ஆமா."

"இந்த மாசத்துல எத்தனாவது?"

"நாலாவது."

"பேசாம மேடையிலயே ஒரு மைக்ராஸ்கோப் போடச் சொல்லு."

குளிர்பெட்டியில் வைத்தால் எட்டு மணி நேரம் பதினாறாக நீளும். ஆனால் குளிரில் பிறப்பும் குறையும், எட்டுப் பெண்கள் தேறாது. அவள் குப்பிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு தேய்க்கிறாள். தரைக்குக் கீழே உள்ள கூடம், ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க நிற்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் கை கொடுக்க வேண்டும், கால் அவ்வளவு வீங்கியிருக்கும். அப்பா லாரியோடு போனவர். போனது விபத்திலா வேறு பெண்ணோடா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டு. இவள் பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினாள், மாலையில் கல்லூரிக்குப் போனாள். பட்டம் வாங்க ஆறு வருடம் ஆனது. திட்டத்தின் விண்ணப்பத்தில், குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் யார் என்று கேட்டிருந்தது. 'நான்' என்று எழுதினாள். கடைசியாகப் போனவர் யார் என்று கேட்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாள்.

"வியாபாரம் இல்லாத கடைக்காரன்தான் ஈ ஓட்டுவான்னு நெனச்சேன். இவ பட்டம் வாங்கிட்டு ஓட்டறா," என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

மேடையில் அவளுக்கு இரண்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. ஒருவர் எண்ணிக்கைகளைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் கதவுகள் திறப்பதைப் பற்றிப் பேசினார். இரண்டு மணிக்குச் சாப்பாடு. மூன்றரைக்குக் குழுப் புகைப்படம் என்றார்கள், புகைப்படக்காரர் நாலே முக்காலுக்கு வந்தார். மூன்றரைக்கே அவள் ஒருங்கிணைப்பாளரிடம் போய் நின்றிருந்தாள்.

"மேடம், மணி ஆயிடுச்சு."

"ஒரே ஒரு படம்மா. நீ நடுவுல நில்லு. ஈ எங்க போயிடப் போகுது?"

ஈக்கள் எங்கும் போகவில்லை. ஆறேகாலுக்கு அவள் வந்தபோது குப்பிகளுக்குள்தான் இருந்தன.

பதினாறு குப்பிகளிலும் சேர்த்துப் பதினொரு பெண்கள். அதில் ஐந்து சற்றுமுன்தான் பிறந்தவை. உடம்பு வெளிறி, வயிற்றில் கரும்புள்ளி இன்னும் மறையாமல் இருந்தது. அந்த ஐந்தில் சந்தேகமில்லை. இருபத்திரண்டும் ஐந்தும் இருபத்தேழு. மீதி ஆறையும் தூரிகையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். புள்ளி இல்லை. மூன்று மட்டும் கொஞ்சம் வெளிறல் என்று தோன்றியது. அந்த மூன்றை எடுத்துக்கொண்டாள். மூன்று குப்பி, குப்பிக்குப் பத்து. சந்தேகமான மூன்றையும் ஒரே குப்பியில் போட்டிருக்கலாம். போனால் அது ஒன்றோடு போயிருக்கும். ஒரே இடத்தில் மூன்றும் இருப்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. குப்பிக்கு ஒன்றாகப் பிரித்தாள். ஆண்களைச் சேர்த்துப் பஞ்சடைத்தாள். தேதி எழுதினாள், நேரம் எழுதவில்லை.

பதினோராம் நாள் காலை முதல் குப்பியில் வெள்ளைக் கண் மகள் ஒன்று இருந்தது.

தாய் ஈக்கள் வெள்ளைக் கண். அவள் சேர்த்த ஆண்கள் சிவப்புக் கண். இந்தச் சேர்க்கையில் மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண்ணோடும், மகள்கள் எல்லாம் சிவப்புக் கண்ணோடும் பிறக்க வேண்டும். மகளுக்கு வெள்ளைக் கண் என்றால் தகப்பனுக்கும் வெள்ளைக் கண். அதாவது தாய், குப்பிக்குள் கூடப் பிறந்தவனோடு முன்பே சேர்ந்துவிட்டாள். இரண்டாம் குப்பியில் ஐந்து வெள்ளைக் கண் மகள்கள். மூன்றாவதில் இரண்டு.

அவள் ஆராய்ச்சியே மகன்களைப் பற்றியது. தாய் வழியில் வரும் ஒரு கோளாறால் அந்த மகன்களுக்குச் சீக்கிரமே சுவரில் ஏறும் வலு போய்விடும். புதுத் தகப்பனிடமிருந்து வரும் ஒரு கூறு அதைச் சரிசெய்கிறதா என்பதுதான் கேள்வி. இப்போது மகன்களில் யார் எந்தத் தகப்பனுக்குப் பிறந்தவன் என்று தெரியாது. எல்லோருக்கும் வெள்ளைக் கண்தான்.

சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"அந்த மேடை நாளா?"

"ம்."

"மகளுங்களை எடுத்துக் கொட்டிடு. நீ எண்ணப் போறது மகனுங்களைத்தானே."

"கலந்திருக்கே அண்ணா."

"கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் மறந்துட்டேன்."

மறுபடி ஆரம்பிக்க நாள் இல்லை. குழுவின் தேதியைத் தள்ள முடியுமா என்று ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டாள். வெளியிலிருந்து வருகிறவர்கள், டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துச் சோதனை. கண்ணாடிக் குழாயைத் தட்டி ஈக்களைக் கீழே விழவைத்து, பத்து நொடிக்குள் எத்தனை கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று எண்ணினாள். நூற்றிருபதில் நாற்பத்தேழு ஏறின. எழுபத்துமூன்று அடியிலேயே நடந்துகொண்டிருந்தன.

"நாப்பது சதவீதம் பக்கம். நல்ல நம்பர், திட்டம். அழகா நம்பற மாதிரி நம்பர்," என்றான் சீனியர். கேலியாகச் சொல்லவில்லை.

அந்த நாற்பத்தேழும் புதுத் தகப்பனின் மகன்களா, இல்லை வெறுமனே கொஞ்சம் பலமானவையா என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அன்று மாலை மருத்துவமனை வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நாளைக்குத்தானே? பயப்படாம பேசு. முழுங்கிப் பேசாதே," என்றாள்.

குழுவில் நான்கு பேர். ஒருங்கிணைப்பாளரும் வழிகாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்பத்தேழைக் காட்டினாள். வழிகாட்டி முகத்தில் லேசாகத் திருப்தி வந்தது. அடுத்த படமாக வெள்ளைக் கண் மகளைக் காட்டினாள்.

"இது இருக்கறதால அந்த நம்பருக்கு அர்த்தம் இல்லை," என்றாள்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் கேட்டார்: "சேகரிக்க எவ்வளவு தாமதம்?"

"ரெண்டேகால் மணி நேரம் மேடம்."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"சந்தேகம் இருந்தது. போட்டேன்."

"ஏன் தாமதம்?"

"இந்தத் திட்டத்தோட விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில இருந்தேன்."

ஒருங்கிணைப்பாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அம்மையார் எதையோ எழுதினார். "நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி," என்றார் இன்னொருவர். இடம் கிடைக்காது என்று அந்தக் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு வழிகாட்டி கூப்பிட்டார்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, சார்?"

அவர் யோசித்தார். "தெரியலை," என்றார். பிறகு, ஒருங்கிணைப்பாளர் விடவில்லை, குழுவிடம் பேசியிருக்கிறார், 'பங்கேற்பு உதவியாளர்' என்று ஒரு வேலை போடுகிறார்கள், பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது, நீ பொருத்தமாக இருப்பாய் என்றார். ஆய்வுக்கூடத்துச் சாவியை வாரக் கடைசிக்குள் கொடுத்தால் போதும்.

வீட்டில் சொன்னபோது அம்மா தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"நிக்கற வேலையா, உக்கார்ற வேலையா?"

"பேசற வேலை."

"அப்ப நல்லதுதானே." அவள் முகத்தைப் பார்த்து, "ஏன்டி மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டே? ஈ போச்சுன்னு அழுத மொத ஆளு நீதான்," என்றாள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டாள். மூன்று குப்பிகளையும் ஈக்களைக் கொல்லும் சாராய ஜாடியில் கொட்டிக் கழுவி வைத்தாள். பத்தரைக்கு வேன் கிளம்பியது. பள்ளியில் நூற்று நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். ஈ எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டு மாதம் என்று பதில் சொன்னாள். ஒருங்கிணைப்பாளர் படம் எடுத்தார். திரும்பி வந்தபோது மணி மூன்றே முக்கால். நான்குக்குள் பொறுக்க அவளுக்குக் குப்பி எதுவும் இல்லை. வாசலில் இறங்கும்போது, நாளைக்குப் பள்ளிக்கூடம் தூரம், எட்டுக்கே கிளம்ப வேண்டும் என்றார் டிரைவர். சரி என்றாள்.