சுடலாம் என்று டெல்மர் சொன்னால்

துப்பாக்கி சுடும் மைதானத்தின் கொடிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான் டெல்மர் கூச்செரா. முதல் இழுப்பு முடிச்சுக்கு, இரண்டாவது காற்றுக்கு. சிவப்புக் கொடி விறைத்துக்கொண்டு வடக்கே நீண்டதும், காலி டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறான். போன சனிக்கிழமை யாரோ பொறுக்காமல் விட்ட காலித் தோட்டாக்களைக் குனிந்து பொறுக்குகிறான். டப்பாவில் போடுமுன் ஒவ்வொன்றையும் வாயால் ஊதி மண்ணைப் போக்குகிறான். மணி எட்டரைதான். ஒன்பது மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள்.

அவனுக்கு ஐம்பத்தேழு வயது. ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தை மறைக்க எப்போதும் கொஞ்சம் கூனி நிற்பான். காதுக்குப் பின்னால் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடுவது அவன் வேலை. எடையை வாயால் சொல்லமாட்டான், பலகையில் எழுதி ஜன்னல் வழியாகக் காட்டுவான். லாரிக்காரர்களும் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கிடங்கு நாயோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவான்.

டெல்மருக்குப் பேச்சு திக்கும். அதிலும் ‘க’வில் தொடங்கும் சொல் வந்துவிட்டால் சேற்றில் இறங்கிய வண்டிதான். அப்பா வழியாக வந்த பேரே கூச்செரா என்று அமைந்ததுதான் கொடுமை. எட்டு வகுப்பும் ஒரே அறையில் நடந்த அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில், முதல் நாள் டீச்சர் அவனிடம் பேரைக் கேட்டார். அவன் கழுத்து சிவந்து, கண்ணில் நீர் கட்டி நின்றான். பின் வரிசையிலிருந்து அவன் அக்கா ஆர்லிஸ் எழுந்து, “அவன் பேர் டெல்மர் கூச்செரா, டீச்சர்” என்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது. அன்று ஆரம்பித்தவள் ஐம்பத்தொரு வருடமாக நிறுத்தவில்லை.

கடையில், மருத்துவரிடம், சர்ச்சில், தம்பி எங்கே நின்றாலும் மீதியை அவளே சொல்லிவிடுவாள். உணவகத்தில் அவள் கூட இருந்தால் அவனுக்குக் காபி வரும். அவள் இல்லாத நாளில் டீ குடிப்பான். டீ அவனுக்குப் பிடிக்காது, வாயில் எளிதாக வரும் என்பதால் கேட்பான். இது ஆர்லிஸுக்குத் தெரியவே முப்பது வருடம் ஆயிற்று.

அப்படிப்பட்டவன் துப்பாக்கி சுடும் மைதானத்தில் வரிசைக்குப் பின்னால் நின்று ஆணை கொடுக்கிறான் என்று பன்றிப் பண்ணைக்கார ட்வைலா வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை.

“உன் தம்பி கத்தறதக் கேட்டியா? ரேடியோக்காரன் தோத்தான் போ.”

“யாரு, எங்க டெல்மரா?”

“உங்க டெல்மரேதான். தொடைல மூணு தட்டு தட்டறான், அப்புறம் பாரு, தண்ணியா வருது.”

வீட்டுக்கு வந்தவனைப் பிடித்துக் கேட்டாள். “அங்க மட்டும் எப்படிடா வருது?”

“அது நா-நான் பேசறது இல்லக்கா. எழுதி வெச்சத ஒப்பிக்கறேன். என் சொ-சொந்த வார்த்தைன்னாதான் மாட்டிக்குது.”

துப்பாக்கிச் சங்கத் தலைவர் லைல் பிட்னருக்குக் கவலையும் அதுதான். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் கோடு போட்டுப் பார்க்கிறவர். “ஒப்பிக்கறது நல்லாவே ஒப்பிக்கறே. ஆனா எழுதி வெக்காத ஒண்ணு நடந்தா? வார்த்தை சிக்கற நேரத்துல ஒரு ஆளு போயிருவான் டெல்மர்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். மூன்று சனிக்கிழமை பார்ப்பது என்று முடிவாயிற்று. தேறினால் கொட்டகை ஆணியில் தொங்கும் ஆணை கொடுப்பவரின் கையில்லாத ஆரஞ்சுச் சட்டை அவனுடையது, வரிசையும் அவனுடையது. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். இரண்டு சனிக்கிழமை ஒரு குறையுமில்லாமல் போயிற்று. இது மூன்றாவது.

இன்றைக்குத்தான் ஆர்லிஸ் வந்திருந்தாள்.

காரணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கணவர் க்ளென் இறந்து இரண்டு வருடமாக அவருடைய கைத்துப்பாக்கி காலுறை அலமாரியிலேயே கிடந்தது. அவள் வாழ்நாளில் துப்பாக்கி சுட்டதில்லை. “விக்கறதோ வெச்சுக்கறதோ, அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்” என்றாள். புதியவர்களுக்கு முதல் மணி நேரம் ஒதுக்கியிருந்தது.

“வே-வேற சனிக்கிழமை வாயேன்க்கா” என்று டெல்மர் சொல்லிப் பார்த்தான்.

“ஏன், நான் வந்தா உனக்கு வெக்கமா?”

அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆர்லிஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளிச் சமையல் அறைக்குப் போனவள். இருநூறு பிள்ளைகளுக்குப் பட்டை தூவிய சுருள் ரொட்டி சுட்டாலும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கும். சங்கத்தார் கொடுத்த நான்கு விதிகளைச் சமையல் குறிப்பு எழுதும் அட்டையில் நீல மையால் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி மனப்பாடம் செய்திருந்தாள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு உள்ளதாகவே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விரலை விசையில் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

ஒன்பது மணிக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆர்லிஸ் நான்காம் தடம். அவளுக்கு வலப்பக்கம், மூன்றாம் தடத்தில் ட்வைலா. பின்னால் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் பெஞ்சில் லைல் பிட்னர், மடியில் காகிதப் பலகையோடு.

டெல்மர் வரிசையின் பின்னால் வந்து நின்றான். கூனல் நிமிர்ந்துவிட்டிருந்தது. தொடையில் மூன்று தட்டு.

“கண்ணாடி போடுங்க! காதை மூடுங்க! எல்லாரும் மண்மேட்டைப் பாருங்க!”

கண்ணாடி, காது. அதே ‘க’. ஆர்லிஸ் திரும்பிப் பார்க்க ஆசைப்பட்டாள், விதியை நினைத்து அடக்கிக்கொண்டாள். காதடைப்புக்குள்ளும் அந்தக் குரல் கணீரென்று வந்தது. அப்பா மாட்டைக் கூப்பிடும் குரல். அது டெல்மரிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

“சுடலாம்!”

மற்றவர்கள் சுட்டார்கள். அவள் சுடவில்லை. துப்பாக்கி கையில் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பிடியில் க்ளெனின் கை தேய்த்த இடம் வழுவழுவென்று இருந்தது. அந்த இடத்தில் தன் கை பொருந்தாமல் சற்றுத் தள்ளி நிற்பதை உணர்ந்தாள். மூச்சை விட்டாள். விசையை அழுத்தினாள். எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கும்போதே வெடித்தது. கை மேலே எகிறியது, நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்தது போலிருந்தது. சூடான காலித் தோட்டா ஒன்று தோளில் பட்டு விழுந்தது. பத்தடி தூரத்துக் குறி அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

“பட்டுருச்சு!” என்றாள் யாரிடமோ.

“நல்லா இருக்கு மேடம்” என்றது வலது தோளுக்குப் பின்னாலிருந்து டெல்மரின் குரல். மேடமாம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது சுட்டாள். மூன்றாவது சுட்டாள். பிடியை மாற்றிப் பார்க்கத் தைரியம் வந்தது. இடது கையை இன்னும் இறுக்கமாகச் சுற்றினாள். அப்போது இடது கட்டைவிரல் துப்பாக்கியின் பின்பக்கம் ஏறி நின்றது. சுட்டதும் மேல்பாகம் பின்னால் அடித்து வரும் இடம் அது. சதையைக் கிழித்துவிடும்.

டெல்மர் பார்த்துவிட்டான். இது எழுதி வைத்த ஆணைகளில் இல்லை.

“க... கக்... க...”

ஐம்பத்தொரு வருடப் பழக்கம் விதி அட்டையைவிட வேகமானது. தம்பி ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டான், எடுத்துக் கொடுக்க வேண்டும். என்ன சொல் என்று தெரியாமலே ஆர்லிஸ் அவன் பக்கம் திரும்பினாள். முகத்தோடு தோளும், தோளோடு கையும், கையோடு துப்பாக்கியும் வலப்பக்கம் திரும்பின. ட்வைலா நின்ற பக்கம்.

“நிறுத்து!”

அந்தச் சத்தத்தில் மண்மேட்டுக்கு மேலிருந்த குருவிகள் கிளம்பின. சத்தத்துக்கு முன்பே அவன் உள்ளங்கை அவள் முன்கையைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளியிருந்தது. “எல்லாரும் நிறுத்துங்க! துப்பாக்கியக் கீழ வைங்க! கையை எடுங்க! பின்னால வாங்க!” ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை.

ஆறு பேரும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். விரல் விசையில் இல்லை என்பதை ஆர்லிஸ் அப்போதுதான் நினைவுபடுத்திக்கொண்டாள். அது மட்டும் அட்டைப்படி நடந்திருந்தது.

கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. மண்மேட்டை விட்டுக் குழல் திரும்பினால், திருப்பியவர் யாராக இருந்தாலும் அன்றைக்குச் சுட முடியாது. எல்லோரும் அதைப் படித்தவர்கள். லைல் பிட்னர் பென்சிலைப் பலகையில் ஊன்றியபடி டெல்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் ட்வைலாதான். “எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. பன்னி எத்தனை தடவ என்னை முட்டிருக்கு. முதல் நாளு, உங்கக்கா வேற. விட்டுரு டெல்மர்.”

டெல்மர் அவளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

“மேடம்” என்றான். “இன்னிக்கு உங்களுக்கு க... க...”

நின்றுவிட்டது. கழுத்து சிவந்தது. முதல் வகுப்பில் சிவந்த அதே கழுத்து. களத்துல இடமில்லை என்று சொல்ல வருகிறான். ஆர்லிஸுக்குத் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்குமே தெரியும். ‘நானே போயிடறேன்டா, சரியா?’ என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் ஒரு விரலை உயர்த்தினான். லாரிக்காரர்களை எடைமேடையில் நிற்கச் சொல்ல உயர்த்துவானே, அந்த விரல்.

அவள் நின்றாள். காற்றில் கொடிக்கயிறு கம்பத்தில் டக் டக்கென்று அடித்தது.

“க... களத்துல இடமில்ல” என்று முடித்தான் டெல்மர். “பெ-பெஞ்சுல போய் உட்காருங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க.”

“சரிங்க” என்றாள் அவள். தம்பியை அவள் அப்படி மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அது தானாக வந்தது, யோசித்து வரவில்லை.

பெட்டியைப் பூட்டி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே மூன்று தட்டு, கண்ணாடி, காது, மண்மேடு, சுடலாம். மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் நடந்தது. பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் அவள் கழற்றவில்லை. உள்ளே கண் நனைந்திருந்ததை யாரும் பார்க்க வேண்டாம்.

லைல் பிட்னர் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “எழுதி வெக்காத ஒண்ணு நடந்தா என்ன பண்ணுவான்னு மூணு வாரமா யோசிச்சிட்டிருந்தேன். நீங்க நேரா கொண்டுவந்து காட்டிட்டீங்க.”

“நான் வேணும்னு பண்ணலீங்க.”

“அது தெரியுது. வேணும்னு பண்ணா இவ்வளவு மோசமா வராது.” அவர் பலகையிலிருந்த தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். “வார்த்தை சிக்கறது எனக்குத் தெரிஞ்சதுதான். கை சிக்கலைங்கறது இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுக்குத் தையல் வருமா?”

“வரும்.”

“அந்த ஆரஞ்சுச் சட்டைல பேர் தைக்கணும். முழுப் பேரையும் தைங்க.”

பன்னிரண்டு மணிக்குக் கொடி இறங்கியது. டெல்மர் அதை நாலாக மடித்து, டப்பாவில் அன்றைய காலித் தோட்டாக்களைச் சேர்த்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். அக்காவின் குறி அட்டையைச் சுருட்டி வைத்திருந்தான். பேசாமல் அவள் முன் விரித்தான். மூன்று ஓட்டை. இரண்டு ஓரத்தில், ஒன்று நடுவுக்கு ரொம்பப் பக்கத்தில். நடு ஓட்டையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் க்ளெனின் துப்பாக்கியை விற்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆர்லிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சுருள் ரொட்டிப் பெட்டி மேஜையில் திறந்திருந்தது. அடுப்புப் பக்கம் நின்ற ட்வைலா கோப்பைகளை வரிசையாக வைத்தாள்.

“ஆர்லிஸ், உன் தம்பிக்குக் குடிக்க என்ன?”

பழக்கத்தில் அவளிடமே கேட்டுவிட்டாள். எல்லோரும் வழக்கப்படி ஆர்லிஸ் பக்கம் திரும்பினார்கள். டெல்மர் திரும்பவில்லை. ட்வைலாவைப் பார்த்து நிமிர்ந்து நின்றான்.

“எனக்குக் கா... கா...”

ஆர்லிஸ் பெட்டியில் கைவிட்டு ஒரு முழு ரொட்டியை எடுத்தாள். பாதியாகக்கூடப் பிய்க்காமல் அப்படியே வாய்க்குள் திணித்து, இரண்டு கன்னமும் உப்ப, ஜன்னலுக்கு வெளியே கொடியில்லாத கம்பத்தைப் பார்த்தபடி மெல்ல மென்றாள்.