மூடியில் இருந்த குழிகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எனக்குப் பிடித்த ஒரே பொருள் கரும்புச்சாறு. என் மனைவிக்கு அப்படியில்லை. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, யாரோ கழித்துவிட்ட சாமானையெல்லாம் அங்கே போய் ஆராய்ச்சி செய்வாள். அந்த நீள்வட்ட ரோஸ்ட் சட்டியை எடுத்ததும் அங்கேதான். பழைய அலுமினியம். மூடி முழுக்கக் குழி குழியாக இருந்தது. கடைக்காரரே மனசாட்சியோடு சொன்னார், "மூடி நசுங்கி கீதுக்கா. வேற பாரு."

"நசுங்கலப்பா. செய்யும்போதே இப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். மூடியைத் திருப்பி, உள்பக்கம் புடைத்து நின்ற குமிழ்களைத் தடவிப் பார்த்தாள். சட்டியின் மேல் பொருத்தி ஆட்டினாள், ஆடவில்லை. அடி சமமாக இருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். எனக்கு வெயிலில் தலை சுற்றியது.

ஆவி மேலே போய் அந்தக் குமிழ்களில் நீராகி, கறிமேல் பரவலாகச் சொட்டும். மூடி வழவழவென்று இருந்தால் எல்லாம் ஓரமாக வழிந்துவிடும். செம்பாக்கம் வரும்வரை பஸ்ஸில் எனக்கு இந்தப் பாடம் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முழுக்கோழி. மிளகு, பூண்டு, வினிகர், வெண்ணெய் தடவி ஊறவைப்பாள். அடியில் உருளைக்கிழங்கைப் பரப்பி, தோசைக்கல் மேல் சட்டியை ஏற்றி, சிறு தீயில் விட்டுவிடுவாள். நடுவில் திறக்கவே கூடாது. நான் கைத்துணியோடு பக்கத்தில் போனாலே, "என்னங்க, ஆவி போயிடும்" என்று அதட்டுவாள். கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும்.

மறதி ஆரம்பித்தபோது டாக்டர் என்னென்னவோ சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவியை யார்தான் தொலைப்பதில்லை? சொந்தக்காரப் பிள்ளைகளின் பெயரை நானும்தான் மாற்றிச் சொல்கிறேன். சமையல் தப்பவில்லையே, அது போதும் என்று பிடிவாதமாக இருந்தேன். அடுப்படியில் அவள் நிற்கும்வரை அவள் என்னோடுதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கேம்ப் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து பையோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மூடி எவ்ளோ நசுங்கிப் போயிருந்துச்சு, நீங்க கவனிக்கவே இல்ல பாருங்க. தட்டி நேராக்கச் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்."

ஒரு குழிகூட மிச்சமில்லை. உள்ளே தடவிப் பார்த்தேன், அங்கும் ஒன்றுமில்லை. கடைக்காரனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று சட்டையை மாட்டினேன். என்னவென்று கேட்பது? அவள் சொன்னதைத்தான் அவன் செய்திருக்கிறான். சட்டையைக் கழற்றிவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டாக்டர் சொல்லி நம்பாததை அன்றைக்கு நம்பினேன்.

இந்த வருடம் கோழி என் பொறுப்பு. மூடி சொட்டாததால் அடிக்கடி திறந்து, அடியில் இறங்கிய சாற்றைக் கரண்டியால் மொண்டு கறிமேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதட்ட ஆளில்லை. நெஞ்சுக்கறி கொஞ்சம் காய்ந்துவிட்டது, மற்றபடி மோசமில்லை. பிய்த்து அவள் தட்டில் வைத்தேன். நிதானமாக மென்று, நன்றாகவே சாப்பிட்டாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் அப்பாக்களிடம் பேசும் குரலில் என்னிடம் சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். உங்க வீட்டம்மா சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

"பாவம், உங்களுக்காகக் காத்துட்டு இருப்பாங்க. கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க."

டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். காய்ந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நல்ல துண்டாகப் பார்த்து அவளே எடுத்து வைத்தாள்.